கச்சான் அடிக்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் நடைக்கழகத்தின் மாத அட்டவணையை மூன்று வருடமாக எழுதி வந்தவள் நான். நடைக்கழகம் என்று பெயர்தான். நடந்தது குறைவு, கதைத்தது கூட. மாதத்தில் இரண்டு ஞாயிறு சிரமதானம், ஒரு ஞாயிறு பயணம், மிச்ச ஞாயிறு அவரவர் வீட்டுப்பாடு. மாதக் கடைசியில் நான் அதைக் கொப்பியில் எழுதி, படம் பிடித்து, வாட்சப் குழுவில் போடுவேன். 'முதல் ஞாயிறு, டச்பே கடற்கரை துப்புரவு, காலை ஆறரை, கையுறை கொண்டு வரவும். மூன்றாம் ஞாயிறு, வெருகல், முருகன் கோயிலும் ஆற்றங்கரையும். சாப்பாடு வாழையிலையில் கட்டவும், லஞ்ச் சீற் கூடாது.' கூடாது என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. கோடு போட்டும் யாராவது அந்தப் பொலித்தீன் தாளில்தான் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு ஆற்றங்கரையில் வைத்தே நல்லாக் கிடைக்கும், என்னிடம்.

கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் இருபத்தொன்பது வருடம் இலிகிதராக இருந்தவள் நான். நேரம் என்றால் நேரம், ஒழுங்கு என்றால் ஒழுங்கு. அந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு போய்விடாது.

கழகத்தில் என்னோடு சேர்த்துப் பதினேழு பேர். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் தலைவர். மிச்சம் ஆசிரியைகள், ஒரு தாதி, கடை வைத்திருக்கிறவர்கள், கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு கணவனும் மனைவியும். தொடங்கிய வருடம் பயணம் என்றால் பதினேழு பேரும் வருவார்கள், சிரமதானம் என்றால் நாலு பேர். அந்த நாலிலும் ஒருவர் படம் எடுக்க வந்தவராக இருப்பார். எனக்கு விசர் பிடித்துவிட்டது. அப்போது நான் கொண்டுவந்த சட்டம்தான், இரண்டு சிரமதானத்துக்கு வந்தால்தான் ஒரு பயணம் என்பது. வரவு பதிகிற கொப்பி என் கையில். வராதவர் பெயரைப் பயணத்துக்கு முந்தின சிரமதானம் முடிந்து தேநீர் குடிக்கும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பேன். கடற்கரை துப்புரவானது உண்மை. அதை யாரும் இல்லையென்று சொல்ல ஏலாது.

கழகத்தைத் தொடங்கலாம் என்று சொன்னது நான் இல்லை, என் சிநேகிதி. என்னைவிட எட்டு வயது குறைந்தவள், பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். இரண்டு தெரு தள்ளி வீடு. என் மகள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். கணவர் இறந்து அப்போது நாலு வருடம். அவள்தான் வந்து, "அக்கா, இப்பிடியே உள்ளுக்க கிடந்தா பூஞ்சணம் பிடிச்சுப் போவியள், எழும்பி வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விடிய இரண்டு பேரும் நடந்தோம். எனக்கு ஒரு தங்கச்சி பிறந்திருந்தால்கூட இவ்வளவு பாசமாக இருந்திருப்பாளா என்று நினைத்திருக்கிறேன். நினைத்ததோடு நின்றேனா, பார்க்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லியும் திரிந்தேன்.

படகுப் பயணம் என்பது என் ஆசை. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த நான் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் வெளிக்கடலுக்குப் போனதில்லை. இளம் வயதில் சண்டைக்காலம். கடலுக்குப் போவதற்குத் தடை, கரையில் நிற்பதற்கே ஆயிரம் கேள்வி. பிறகு வேலை, வீடு, பிள்ளை, கணவரின் நோய். கோணேசர் கோயில் மலையில் நின்று எத்தனையோ நாள் கீழே கடலைப் பார்த்திருக்கிறேன். கடலில் இருந்து அந்த மலையைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை நான் சிநேகிதிக்கு மட்டும்தான் சொன்னேன். "போவம் அக்கா, நானும் நீங்களும் முன்னுக்கு இருந்து போவம்" என்றாள்.

அட்டவணையில் போட்டேன். 'ஆனி மாதம் கடைசி ஞாயிறு, படகுப் பயணம், சல்லியில் இருந்து. விடிய ஐந்தரைக்குப் படகு வெளிக்கிடும். பிந்தினால் காத்திருக்கமாட்டோம்.' சல்லிக் கரையில் ஒரு மீனவரிடம் பெரிய படகு ஒன்று பேசி, உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்ததும் நான்தான்.

அந்த மாதம் ஐந்து பேர் சிரமதானத்துக்குச் சரியாக வரவில்லை. அதில் ஒருத்தி என் சிநேகிதி. ஒரு ஞாயிறு மாமியாருக்குச் சுகமில்லை, மற்ற ஞாயிறு அவளுக்குத் தலையிடி. வழக்கம்போல் தேநீர் நேரத்தில் ஐந்து பெயரையும் வாசித்தேன். அவளுடைய பெயரைக் கொஞ்சம் உரத்தே வாசித்தேன் என்று இப்போது தோன்றுகிறது, சிநேகிதி என்று சலுகை காட்டுகிறேன் என யாரும் சொல்லக்கூடாதே என்று. "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றேன். அவள் சிரித்தாள். "ஓம் அக்கா, சரிதானே" என்று பிளேன்ரீயைக் குடித்து முடித்தாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைக் கண்டேன். கண்டும் ஒன்றும் விளங்கவில்லை எனக்கு, மடைச்சி.

சனிக்கிழமை பின்னேரம் அவள் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, சல்லியில இருந்து படகுக்காரர் கதைச்சவர். வெளியில கச்சான் பலமா அடிக்குதாம். நாளைக்கு ஏலாதாம். வாற மாசம் பாப்பம் எண்டுறார்."

"எனக்கல்லோ எடுத்திருக்கோணும் அந்த மனுசன்?"

"உங்கட நம்பர் கிடைக்கேல்லையாம் அக்கா."

கச்சான் என்றால் அந்த மாதங்களில் தரையில் இருந்து கடலுக்கு வீசுகிற சூடான காற்று. அடித்தால் வாயெல்லாம் மண். நான் முற்றத்தில் நின்றுதான் கதைத்துக்கொண்டிருந்தேன். கொடியில் போட்ட சேலை அசையவில்லை. தெரு முடிவில் துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் ஊற்றினது மாதிரிக் கிடந்தது. ஆனால் எங்கள் உள்துறைமுகம் எப்போதும் அப்படித்தான். வெளியில் கடல் கொந்தளிக்கும்போதும் உள்ளே ஒரு அலை எழும்பாது. இங்கே பிறந்தவர்களுக்கு அது தெரியும். அதனால் இந்தத் தண்ணீரைப் பார்த்து வெளிக்கடலைத் தீர்மானிக்கக்கூடாது என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். சேலை அசையாததற்கு மதில் மறைப்பு என்று ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். என் கண் சொன்னதை விட்டுவிட்டு அவள் வாய் சொன்னதை நம்பினேன்.

குழுவில் நானே எழுதிப் போட்டேன். 'காற்றுக் காரணமாக நாளைய படகுப் பயணம் பிற்போடப்படுகிறது. அனைவரும் பொறுத்தருளவும்.' உடனே ஒவ்வொருவராகப் பதில். அழுகிற முகம், கும்பிடுகிற கை. தாதி, 'ஐயோ, லீவும் எடுத்தனான்' என்று போட்டா. கிண்ணியாக்காரர், 'அல்லாஹ் நாடினால் வாற மாசம்' என்று போட்டார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. தலைவருக்குத் தனியாக எடுத்து, "ஐயா, கவலைப்படாதேங்கோ, வாற மாசம் கட்டாயம் ஒழுங்கு பண்ணித் தாறன்" என்று ஆறுதல் சொன்னேன். "ஓம் தங்கச்சி, என்ன செய்யிறது, கடவுள் விட்ட வழி" என்றார் மனுசன். அந்த மனுசனுக்கு அறுபத்தாறு வயது. பட்டை பட்டையாகத் திருநீறு பூசுகிறவர்.

ஞாயிறு விடிந்தது. அடுத்த சிரமதானம் சல்லிக் கடற்கரையில் என்று அட்டவணையில் இருந்தது. பயணம்தான் இல்லை, குப்பை எவ்வளவு கிடக்கிறது, எத்தனை உரப்பை தேவைப்படும் என்றாவது பார்த்துவிட்டு வருவோம் என்று ஆட்டோ பிடித்துப் போனேன். முத்துமாரியம்மன் கோயிலடியில் இறங்கினால், மர நிழலில் வரிசையாக மோட்டார்ச்சைக்கிள்கள், ஸ்கூட்டிகள். தலைவரின் பழைய கார். அதற்குப் பக்கத்தில் என் சிநேகிதியின் நீல நிற ஸ்கூட்டி. அதன் பின் இருக்கையில் இருந்து எத்தனை நாள் போயிருப்பேன், எனக்கு அடையாளம் தெரியாதா?

அப்போதும் புத்தி வேலை செய்யவில்லை. எனக்குத் தெரியாமல் வேறு ஏதோ சிரமதானம் நடக்கிறதாக்கும் என்று நினைத்தேன். கரைக்கு நடந்தேன். படகுக்காரரின் மனைவி பாயில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் நிமிர்ந்தா.

"என்னக்கா, நீங்க போகேல்லையோ? உங்கட ஆக்கள் விடிய அஞ்சரைக்கே போயிட்டினமே. உங்களுக்குச் சுகமில்லை எண்டல்லோ சொன்னவை."

"கச்சான் அடிக்குது எண்டு..." என்று தொடங்கினேன்.

"கச்சானோ?" அவ கடலைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. பிறகு குனிந்து மீனைப் புரட்டத் தொடங்கினா. பேர்கூடத் தெரியாத மனுசி எனக்காக வெட்கப்பட்டா.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. போகிற குணம் எனக்கில்லை. கொண்டுவந்த உரப்பைகளை விரித்துக்கொண்டு குப்பை பொறுக்கத் தொடங்கினேன். வலைத்துண்டு, யோகட் கோப்பை, சோடாப் போத்தல், ஒற்றைச் செருப்பு. ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பொறுக்க ஒவ்வொருத்தர் பதிலும் நினைவுக்கு வந்தது. அழுகிற முகம் போட்டவள் அந்த நேரம் வீட்டில் சோற்றுப் பார்சலுக்கு அரிசி ஊறப் போட்டிருப்பாள். பதினாறு பேர். ஒருவருக்காவது மனச்சாட்சி குத்தி, ஒரு அழைப்பு, ஒரு வரி? என் தலையில் மிளகாய் அரைப்பதற்குப் பதினாறு பேரும் சேர்ந்து கை கொடுத்திருக்கிறார்கள். வெயில் ஏறியது. இரண்டு பை நிரம்பியது. அழுதேனா என்றால், ஓம், அழுதேன்.

ஒன்பது மணியளவில் சத்தம் கேட்டது. படகைக் காண முன்னமே சத்தம். கைதட்டல், பைலாப் பாட்டு, யாரோ பிளாஸ்ரிக் தண்ணீர்க் கானில் தாளம் போடுகிறார்கள். படகு கிட்ட வந்தபோது பார்த்தால், தாளம் போட்டது தலைவர். மூன்று வருடத்தில் அவர் பல்லை நான் கண்டதில்லை. தாதி நனைந்துபோய் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தா. என் சிநேகிதி முன்னுக்கு இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் இருப்போம் என்று சொன்ன அந்த முன்பக்கம். தலையை அண்ணாந்து அப்படி ஒரு சிரிப்பு. எத்தனை ஆற்றங்கரை, எத்தனை கடற்கரைக்கு இவர்களைக் கூட்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் இந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

முதலில் அவள்தான் என்னைக் கண்டாள். சிரிப்பு நின்றது. பக்கத்திலிருந்தவள் அவளைப் பார்த்தாள், பிறகு கரையைப் பார்த்தாள், அவளும் நிறுத்தினாள். அப்படியே ஒவ்வொருவராக. கடைசியில் தலைவரின் கையும் கானில் நின்றுவிட்டது. படகின் எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

இறங்கினார்கள். "கச்சான் எப்பிடி? நல்ல பலமோ?" என்று கேட்டேன்.

தலைவர்தான், "டொல்பின் பெரிசா ஒண்டும் காணேல்லை தங்கச்சி" என்றார். அதுதான் எனக்கு ஆறுதலாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கானை எடுத்து அவர் தலையில் போட்டிருக்கலாம்.

"ஆர்ர யோசனை இது?" என்றேன்.

"என்ர" என்றாள் சிநேகிதி. செருப்பைக் கையில் பிடித்தபடி, முழங்கால் தண்ணீரில் நின்றாள். "அக்கா, உங்களோட கோபம் இல்லை. பேர் வெட்டினதுக்காகவும் இல்லை, சத்தியமா. ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஆரும் பேர் வாசிக்காம, ஆரும் நேரம் சொல்லாமப் போகோணும் எண்டு எல்லாருக்கும் ஆசை. நீங்க பக்கத்தில நிண்டா எங்களுக்குச் சிரிப்பு வராதக்கா. பயமாக் கிடக்கும்."

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தா நானே வீட்டில நிண்டிருப்பன், நீங்க போயிட்டு வந்திருக்கலாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நிண்டிருக்கமாட்டியள் அக்கா" என்றாள், மெதுவாக.

அது உண்மை. சொல்லியிருந்தால் நான் நின்றிருக்கமாட்டேன். ஏசியிருப்பேன், சட்டம் கதைத்திருப்பேன், அட்டவணையைக் கிழித்தெறிந்திருப்பேன், கடைசியில் எல்லாருக்கும் முந்தி ஐந்து மணிக்கே வந்து படகில் ஏறி இருந்திருப்பேன். என்னை அந்த அளவுக்குத் தெரிந்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். அப்படித் தெரிந்தவள்தான் எனக்கு இதைச் செய்தாள். மற்றப் பதினைந்து பேரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், அவர்கள் என்ன, ஆட்டு மந்தை. அவளை மன்னிக்க மனம் வரவில்லை.

அன்று நிரப்பிய இரண்டு பையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு சிரமதானத்துக்குப் பதினாறு பேரும் வந்தார்களாம், கழகம் தொடங்கியதில் இருந்து முதல் தடவையாக. நான் போகவில்லை. விடிய நடப்பதும் இல்லை.

இப்போது அட்டவணையை அவள் எழுதுகிறாள். குழுவில் வருகிறது, பார்க்கிறேன். 'முதல் ஞாயிறு டச்பே துப்புரவு. இரண்டாம் ஞாயிறு இலங்கைத்துறையில் கரை துப்புரவு, பிறகு அங்கேயே சாப்பாடு. கடைசி ஞாயிறு சல்லியில் இருந்து படகு. விரும்பினவர்கள் வரலாம்.' அவ்வளவுதான். நேரம்கூடச் சரியாகப் போடவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: 'அக்கா, முன்னுக்கு உங்களுக்கு ஒரு இடம் வச்சிருக்கு. வாங்கோ.'

மூன்று நாளாகிறது, இன்னும் பதில் போடவில்லை. மலையைக் கடலில் இருந்து பார்க்கிற ஆசை போய்விடவில்லை, அதில் பொய் சொல்லமாட்டேன். போனால் மரியாதையாகக் கையைப் பிடித்து ஏற்றுவார்கள், முன்னுக்கு இருத்துவார்கள். நான் ஏறி இருந்ததும் பதினாறு பேரும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.