பெண் பார்க்க வந்தவர் விழுந்த கதை

என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தபோது எனக்கு ஏழு வயது. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் ஊர் அகரத்தில் எங்களோடுதான் இருந்தாள்.

மாப்பிள்ளைக்குத் திண்டுக்கல்லில் பம்புசெட் பழுது பார்க்கும் வேலை. கிணறுகளுக்குக் கரண்டு வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வேலைக்குத் தனி மதிப்பு. அவருடைய அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் முன்னாலேயே வந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரை வழியில் ஒரு தோட்டத்துக்காரர், மோட்டார் ஓடவில்லை என்று மடக்கிவிட்டாராம். அத்தைக்குப் பூ வைத்து, தெருப்பக்கம் ஜன்னல் உள்ள அறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

தூரத்தில் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தத்தோடு, தகர டப்பாவுக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்குவது போல இன்னொரு சத்தமும். எங்கள் ஊருக்குள் மோட்டார் சைக்கிள் வருவதே அபூர்வம். எதிர்வீட்டு மேட்டில் ஏறினால் நன்றாகத் தெரியும் என்று தெருவின் குறுக்கே ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது வண்டி எனக்கு வெகு அருகில் இருந்தது.

அவர் ஒரேயடியாகக் கியரைக் குறைத்தார். பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே இறுகிப்போய், புழுதியைக் கிழித்துக்கொண்டு வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வெள்ளைப் பேண்டு முழங்காலில் கிழிந்து ரத்தம் தெரிந்தது.

"அடி படலையே, பாப்பா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "நீ உள்ள போ. நான் பாத்துக்கிறேன்."

ஓடிப்போய்ப் பக்கத்து மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்துகொண்டேன். அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவர் பதறிக்கொண்டு வெளியே வந்து விசாரித்தது தொழுவம் வரை கேட்டது.

"செயின் தொளதொளன்னு கெடந்துச்சு. வர்ற வழியெல்லாம் சத்தம். கவனிக்காம கியரைச் சட்டுனு கொறைச்சுட்டேன், சக்கரம் பூட்டிக்கிருச்சு" என்றார் மாப்பிள்ளை.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

அவர்கள் கிளம்பிப் போனதும் அப்பா சொன்னார்: "தன் வண்டிச் செயினையே இறுக்கத் தெரியல. இவன் ஊரான் மோட்டாரைப் பாக்குறவனா? வேணாம், விடு."

என்னால்தான் காரியம் கெட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. அதுவரை அந்த வீட்டில் தனக்கென்று எதையும் கேட்டிராத அத்தைதான் பேசினாள்.

"எனக்கு இவரே போதும்ணே."

"கீழ விழுந்தவனையா?"

"ஆமாண்ணே."

காரணம் கேட்டார் அப்பா. அவள் கேசரித் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் அப்பா முறைப்பாகவே திரிந்தார்; மூன்றாம் நாள் பரிசம் போட நாள் குறித்துவரத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார்.

அன்று காலை அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "அவரு விழுந்துட்டாரே, அத்தை. பரவாயில்லையா?" என்று மெல்லக் கேட்டேன்.

அவள் ரிப்பனை இறுக்கி முடிந்தாள். என் தலையைச் செத்த நேரம் தன் மடியோடு அணைத்துக்கொண்டாள். "தெருவைத் தாண்டுறப்ப ரெண்டு பக்கமும் பாத்துப் போகணும், தாயி" என்றாள்.

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. வெட்கத்தில் பேச்சை மாற்றுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். மோட்டார் சைக்கிளில் போகும் ஆசையில்தான் அத்தை சம்மதித்தாள் என்று ரொம்ப நாள் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.