விரியாத சன்னம்

மூஸ் மான் வேட்டைக்குத் துப்பாக்கிச் சன்னம் வாங்க அன்ரனும் நானும் ஸ்காபரோவில் ஒரு கடைக்குப் போனோம். ஒஷாவாவில் என்னோடு வேலை செய்யும் அன்ரன் பல வருடமாக வேட்டைக்குப் போகிறவன்.

"முனை விரியிறதை எடு. உள்ளுக்க போய் விரியும். மிருகம் உடன விழும், கிடந்து துடிக்காது," என்றான்.

ஊரில், சண்டைக் காலத்தில் என் தம்பியின் தொடையை ஒரு சன்னம் ஊடுருவிப் போனது. உள்ளே விரியாததால்தான் அவன் இன்றும் நடக்கிறான். அன்ரனுக்குத் தெரியாமல், 'இலக்குப் பயிற்சிக்கு மட்டும்' என்றிருந்த விரியாத சன்னங்களை வாங்கினேன். ஊடுருவிப் போனால் வலி குறைவு என்றே நம்பினேன்.

வடக்கே காட்டில், காலையில் நான் சுட்ட வெடி ஒரு மூஸின் விலாவில் பட்டது. அது விழவில்லை. திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மரங்களுக்குள் நடந்தது. இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் போனோம். பின்னேரம் ஒரு சதுப்பில், மூச்சு எடுக்க முடியாமல் கிடந்தது. அன்ரன்தான் சுட்டு முடித்தான்.

பிறகு குனிந்து, மற்றப் பக்கம் என் வெடி வெளியேறிய சின்னத் துளையைத் தொட்டான்.

"என்னத்தையடா போட்டனி?"

"நீ சொன்னதைத்தான்."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் கத்தியை எடுத்தான். அவனிடம் சொல்லாத உண்மையை இங்கே எழுதுகிறேன். கொல்லத்தான் போனேன். ஆனால் தம்பியைப் பிழைக்கவிட்ட சன்னத்தைக் கொண்டுபோனேன்.