கடல் பக்கம் திருப்பிய லைட்

அன்று பொழுதுபட்டபோது வீட்டில் இருந்தவர்கள் அம்மா, நிறைமாத வயிற்றோடு அண்ணி, அவவின் மூத்த மகள். இல்லாதவர்கள் இரண்டு பேர். அண்ணை கடலில். நான் டியூசனில் படிப்பித்துவிட்டு மயிலிட்டிக்குச் சைக்கிளில் திரும்பும் வழியில்.

அண்ணைக்கு ஒரு மனக்குறை இருந்தது. மூத்தவள் பிறந்தபோதும் அவர் கடலில்தான். ஊரே தூக்கிக் கொஞ்சி முடித்த பிறகுதான் தகப்பன் பிள்ளையைப் பார்த்தார். இந்த முறை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன் என்று அண்ணிக்குச் சத்தியம் பண்ணியிருந்தார். போனைக் கடலுக்குள் தவறவிட்டதால் ஓர் ஏற்பாடும் செய்திருந்தார். கரை தெரிகிற தூரத்திலேயே வலை விடுவார். அண்ணிக்கு வலி வந்தால் அம்மா கடற்கரையில் நின்று டோர்ச்சை அணைத்து அணைத்துக் காட்டுவார்.

நான் அன்றைக்குத்தான் சைக்கிளுக்குப் புது லைட் பூட்டியிருந்தேன். பின்னுக்குச் சிவப்பு, முன்னுக்கு வெள்ளை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் என்பதால், பெட்டிக்குள் இருந்த தாளையும் ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன். மின்னுகிற வெளிச்சம் வெகுதூரம் தெரியுமாம். மின்ன விட்டேன். வேலியும் பனையும் துள்ளித் துள்ளி வந்தன. ஒரு திருவிழாவையே முன்னால் தள்ளிக்கொண்டு போவதுபோல் இருந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டு மிதித்தேன்.

எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் கண்ணைப் பொத்திக்கொண்டு காலை ஊன்றினார்.

"ஆரடா அது? லைட்டை நிலத்துக்குக் காட்டு! நான் என்ன மேலை பறந்தே வாறன்?"

"மன்னியுங்கோ ஐயா. தூரத்திலையே தெரியட்டும் எண்டுதான்..."

"தெரியுது, தெரியுது. இந்தியாவுக்கே தெரியுது!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. வீதி கடற்கரையோடு ஒட்டுகிற இடத்தில் இறங்கி, லைட்டைக் கழற்றிக் கையில் எடுத்தேன். எந்தப் பொத்தானை அமத்தினால் மின்னுவது நிற்கும் என்று பிடிபடவில்லை. வீதியில் வருகிற வேறு யாருடைய கண்ணிலும் அடிக்கக்கூடாது என்று கவனமாகக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அமத்தி அமத்திப் பார்த்தேன். ஒருவழியாக மின்னுவது நின்றது. லைட்டை நிலம் பார்க்கப் பூட்டிக்கொண்டு, நல்ல காரியம் செய்த சந்தோசத்தில் வீட்டுக்குப் போய்ப் புட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

இரண்டு வாய் வைத்திருப்பேன். முற்றத்தில் ஆட்கள் ஓடிவரும் சத்தம். தண்ணீர் சொட்டச் சொட்ட அண்ணை வந்து நின்றார்.

"எங்கை அவள்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோட்டியளோ?"

பக்கத்தில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, ஏன் இப்பிடி ஓடிவாறியள்?"

அண்ணையோடு தொழிலுக்குப் போகிறவர் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார். "என்ன, பெட்டையோ பெடியனோ?"

"அப்ப வெளிச்சம் காட்டினது ஆர்?" என்றார் அண்ணை.

"நான் காட்டேல்லை. டோர்ச் உதிலை கிடக்குது, பார்" என்றார் அம்மா.

எல்லோருடைய கண்ணும் மெல்ல என் பக்கம் திரும்பியது. வாயில் இருந்த புட்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"அண்ணை, அது... ஆற்றையும் கண்ணிலை படக்கூடாதெண்டு..."

"என்ரை கண்ணிலை பட்டிட்டுதடா! வலையை அறுத்துப்போட்டெல்லோ ஓடிவாறன்!"

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "சிரியாதை பிள்ளை, உண்மையாவே வலி வந்திடும்!" என்று கத்திய அம்மாவும் சிரித்தார். கடைசியில் அண்ணைக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாள் அறுந்த வலையில் பாதிதான் அகப்பட்டது. அண்ணை தொழிலுக்குப் போகாமல் முற்றத்தில் இருந்து அதன் கிழிசலைப் பொத்தினார். நூல் சுற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு. இடையில் ஒரு பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, வெளிச்சம் மேலே போகாதபடி என் லைட்டுக்கு ஒரு தொப்பியும் போட்டுவிட்டார்.

பொத்தி முடியவில்லை. அடுத்த நாள் நல்ல வெயிலில், "இஞ்சேருங்கோ" என்று அண்ணி உள்ளேயிருந்து கூப்பிட்ட விதத்திலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆட்டோவில் முதலில் ஏறியது அண்ணை.

தாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தகப்பன் ஆர்?" என்று கேட்டபோது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். கையில் வலை ஊசி. "நான்! நான்தான்!"

இரண்டாவதும் பெட்டை. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவளைத் தூக்கியவர் அண்ணைதான். அந்தத் தூக்கலுக்கு எங்களுக்கு ஆன செலவு, புது வலைத் துண்டு, நூல், படகுக்கு மண்ணெண்ணெய் எல்லாமாகப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.