வெள்ளை மணல் போட்ட ஒழுங்கை

எங்கள் ஒழுங்கைக்கு வெள்ளை மணல் வந்த அன்று எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும், இதை யார் சொல்லிச் செய்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். என் புத்தி அப்படி. யாராவது சும்மா வந்து நன்மை செய்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சண்டைக் காலத்தில் சும்மா வந்தது எதுவும் எங்களுக்கு நல்லதாக முடிந்ததில்லை.

ஒழுங்கை பெரிய வீதியில் தொடங்கி, வாவிக் கரையில் தோணி கட்டும் துறையில் முடியும். இரண்டு பக்கமும் எங்கள் தாய்வழிச் சொந்தம்தான். எங்கள் ஊரில் வீடு வளவு பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். அதனால் அக்கா ஒரு வளவு, நான் அடுத்த வளவு, சின்னம்மா துறையோரம் கடைசி வளவு. சண்டை மூண்ட பிறகு ஆளாளுக்கு வேலியை உயர்த்தினோம். தென்னோலைக் கிடுகுக்கு மேல் கிடுகு, அதற்கும் மேல் தகரம். ஒழுங்கையில் என்ன நடந்தாலும் நாங்கள் காணவில்லை என்று சொல்லிவிடலாம். ஆளில்லாத ஒழுங்கையை உழவு இயந்திரக்காரர்கள் துறைக்குக் குறுக்குப் பாதையாக்கிக்கொண்டு பறந்தார்கள். ஒரு நாள் அக்காவின் மகளுடைய கால் சில்லில் அகப்பட்டு முறிந்தது. அதன் பிறகு பிள்ளைகளை வேலிக்குள்ளேயே போட்டு அடைத்தோம்.

அப்போதுதான் சின்னம்மாவின் வீட்டுக்கு ஒரு டீச்சர் வாடகைக்கு வந்தார். நடுவயது, தனி ஆள். எங்கோ இருந்து இடம்பெயர்ந்து வந்தவர். எந்த ஊர் என்று கேட்டால், "எல்லா ஊரும்தான்" என்பார். இப்படிப் பதில் சொல்கிறவரை எப்படி நம்புவது? வந்து கொஞ்ச நாளிலேயே வீடு வீடாக ஏறத் தொடங்கினார்.

"ஒழுங்கை வாசல்ல பனங்குத்தி நாட்டினா மெசின் உள்ளுக்கு வராது. கடல் மணல் ஏத்திப் போடுவம். பூவரசுக்குக் கீழ இருக்க ஒரு வாங்கு. புள்ளயள் விளையாடட்டும், நீங்களும் பின்னேரத்தில காத்து வாங்கலாம்" என்றார்.

"ஆமிக்காரன் விடுவானா டீச்சர்?" என்று அக்கா கேட்டாள்.

"நான் போய்க் கேக்கன்."

தனியாகவே முகாமுக்குப் போனார். சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். அக்கா என் காதுக்குள், "அங்க போறவங்க அழுதுகொண்டுதான் வாறவங்க. இவ பல்லக் காட்டிக்கொண்டு வாறா" என்றாள். என் மனதில் ஓடியதும் அதுதான்.

ஆனாலும் மணல் வந்தது. பனங்குற்றிகள் நின்றன. முதல் நாள் பின்னேரமே பிள்ளைகள் அவிழ்த்துவிட்ட கன்றுகளாக ஓடினார்கள். கால் முறிந்து தேறிய அக்காவின் மகள் நொண்டிக்கொண்டே கிளித்தட்டு ஆட்டத்தில் நின்றாள். நாங்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பேன் பார்த்தோம், ஊர்க்கதை கதைத்தோம், எதற்கென்று தெரியாமல் சிரித்தோம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு முகத்தில் காற்றுப் பட்டது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு கண் மட்டும் டீச்சர் மேலேயே கிடந்தது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில், ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற முகமூடி போட்ட தலையாட்டி என் கணவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டான். ஏன் ஆட்டினான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். இவர் வயலும் வரப்பும் தவிர எதுவும் அறியாத மனிதர். ஏற்றிய லொறியிலிருந்து குதித்துத் தப்பி, வாவிக்கு அக்கரையில் படுவான்கரைக்குப் போய்விட்டார். எப்போதாவது விடியப்புறம் தோணியில் வந்து, துறையில் இறங்கி, ஒழுங்கையால் நடந்து வீட்டுக்குள் நுழைவார். ஒரு பகல் பிள்ளையை மடியில் வைத்திருந்துவிட்டு அடுத்த விடியலில் போவார். அவருடைய இடது காலில் பெருவிரல் இல்லை. வரப்பு வெட்டும்போது மண்வெட்டி எடுத்துக்கொண்டது. அது ஊரறிந்த கால்.

நாங்களோ விளக்கு வைப்பதற்கு முன் வாசல் கூட்டிப் பழகியவர்கள். மணல் வந்த பிறகு அது போட்டியாகிவிட்டது. பிள்ளைகளை உள்ளே துரத்திவிட்டு, அவரவர் வாசலோடு நிறுத்தாமல் ஒழுங்கை முழுவதையும் கோடு கோடாகக் கூட்டி, பட்டு விரித்தது போல் விட்டுவிட்டு விளக்குக் கொளுத்துவோம். எங்கள் கைவேலையை நாங்களே நின்று பார்த்துப் பெருமைப்பட்டோம்.

ஒரு நாள் நிலம் தெளியும் நேரத்தில் வேலி ஓட்டையால் பார்த்தேன். டீச்சர் விளக்குமாறும் கையுமாகத் துறைப் பக்கமிருந்து வந்தார். குனிந்தார். மணலை உற்றுப் பார்த்தார். பிறகு கூட்டினார். இரண்டு எட்டு வைத்து மறுபடியும் குனிந்தார். அதே விடியலில்தான் என் கணவர் வீட்டுக்குள் வந்து படுத்திருந்தார். யார் வருகிறார்கள், எந்த வளவின் கடப்படி வாசலுக்குள் போகிறார்கள் என்று பார்த்து முகாமுக்குச் சொல்லத்தான் இந்த மணல்! பனங்குற்றியும் வாங்கும் கண்துடைப்பு என்று முடிவுகட்டினேன்.

அக்கரைக்குத் தோணியில் போய்வரும் மீன்காரர் மூலம் கணவருக்குச் சொல்லியனுப்பினேன்: வர வேண்டாம். பெண்களிடம் கணவரின் பேச்சை எடுக்காமல், டீச்சரின் பேச்சை மட்டும் அவிழ்த்துவிட்டேன். என் வாய் சும்மாவா? மூன்றாம் பின்னேரம் வாங்கில் காகம்தான் இருந்தது. பிள்ளைகள் உள்ளே. மணல் யாரும் மிதிக்காமல் வழுவழுவென்று கிடந்தது. டீச்சர் மட்டும் விடியலில் வருவதை நிறுத்தவில்லை.

வாரங்கள் போயின. மகள் இரவில் அப்பாவைக் கேட்டுச் சிணுங்கினாள். நான் வரவிடாமல் தடுத்தவள் என்று தெரிந்தால் என்ன சொல்வாளோ. கோபம் எனக்குத் தலைக்கு ஏறியது. ஒரு விடியலில் கடப்படித் தடியை இழுத்து எறிந்துவிட்டு டீச்சர் முன்னால் போய் நின்றேன்.

"இந்த ஒழுங்கைய உங்களுக்கு ஆரு எழுதித் தந்த? எங்கட வாசல எங்களுக்குக் கூட்டத் தெரியும். நீங்க என்னத்தக் குனிஞ்சு பாக்கிறீங்க?"

அவர் பயப்படவில்லை, கோபிக்கவுமில்லை. விளக்குமாற்றை என்னிடம் நீட்டினார்.

"அப்ப நீங்களே கூட்டுங்க மனே. ஆனா ஆமி ரோந்து வரமுதல் கூட்டுங்க. இடக்கால்ல பெருவிரல் இல்லாத தடமொண்டு துறையில இருந்து உங்கட கடப்படி வரைக்கும் வரும். அத முதல்ல அழியுங்க."

நான் விளக்குமாற்றை வாங்கிக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்.

"நான் மணலப் போட்டது புள்ளயளுக்காக. நீங்க பொழுதுபட அதக் கூட்டி வழிச்சு விடுறீங்க. ஒருத்தர் நடந்தாலும் அப்படியே தெரியுது. கூட்டாதீங்க எண்டு நான் எப்படிச் சொல்ற? ஏனெண்டு கேப்பீங்க. தெரிஞ்சத வாயால சொல்லப் பயம். நான் கொண்டுவந்த மணல், நான்தானே அழிக்கணும்."

"இனி என்ன செய்யிற டீச்சர்?" என்று கேட்டேன்.

"புள்ளயள வெளியில விடுங்க. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஓடட்டும். பிறகு கூட்டாம விடுங்க."

அவரை அன்றைக்கே முழுதாக நம்பிவிட்டேன் என்று சொன்னால் பொய். இவ்வளவு தெரிந்தவர் இதையும் போய்ச் சொல்லலாமே என்று இரவெல்லாம் உருண்டேன். ஆனால் சொல்வதாக இருந்தால் எப்போதோ சொல்லியிருக்கலாம். அடுத்த பின்னேரம் என் மகளைக் கையில் பிடித்து ஒழுங்கையில் விட்டேன். அவளைக் கண்டு அக்காவின் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு எல்லோரும் வந்தார்கள். "நல்லா ஓடுங்க, புழுதி பறக்க ஓடுங்க!" என்று நான் கத்தியதைப் பார்த்து அக்கா, எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றாள். இருட்டுகிற நேரம் விளக்குமாற்றோடு வந்தவளின் கையை எட்டிப் பிடித்தேன்.

"இண்டைக்குக் கிடக்கட்டுமக்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். என் கடப்படியைப் பார்த்தாள். விளக்குமாற்றை வேலியில் சாத்திவிட்டுத் திரும்பிப் போனாள். அன்று எங்கள் ஒழுங்கையில் கூட்டாத வாசல்களில்தான் விளக்கு எரிந்தது.

இனி வரலாம் என்று மீன்காரரிடம் மறுபடியும் சொல்லியனுப்பினேன். இவர் வந்தார். தூங்கிக்கொண்டிருந்த மகளுக்குப் பக்கத்தில், ஈரச் சாரத்தோடு, அவளைத் தொடாமல் படுத்தார்.

விடிந்ததும் ரோந்து வந்தது. வேலி ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். முன்னால் வந்தவன் என் வாசலில் நின்று மணலைக் குனிந்து பார்த்தான். அவன் பூவரசம் பூ ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நடந்தான்.

அவர்கள் போன பிறகு நான் வெளியே வந்தேன். துறை வரைக்கும் குனிந்து குனிந்து தேடிக்கொண்டு போனேன். எங்கும் சின்னஞ்சிறு கால்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கட்டிய மனைவி நான். அந்த மணலில் என் கணவரின் காலை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.