தொரை கழற்றிய சப்பாத்து

என் நாத்தனார் சுப்பம்மா வீட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோதுதான் புஷ்பம் என்ற பேரை முதல்முதலாகக் கேட்டேன். சுப்பம்மா மகன் கந்தையாவுக்குக் கலவானப் பக்கம் பொண்ணு பார்த்திருந்தார்கள். "பேரு புஷ்பம். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கா," என்றான் கந்தையா.

"படிச்சவ மலையில கொழுந்து எடுப்பாளாடா?" என்று கேட்டாள் சுப்பம்மா.

"எடுக்கலன்னா நீ எடு," என்றான் அவன்.

கல்யாணம் ஆகி வந்தவள் மலைக்குப் போகவில்லை. பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை கிடைத்தது. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. அங்கே பொறுப்பாக இருந்த அம்மா பென்ஷனில் போனதும், அந்த இடம் புஷ்பத்துக்குத்தான் என்று தோட்டத்தை நடத்துகிற தொரையே சொன்னார். ஆனால் இங்கிலீஸ் வேணும். பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வெளிநாட்டு ஆட்கள் வந்தால் அவள்தான் பேச வேணும்.

குருவிட்டையிலிருந்து றிஸ்மி சேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்துக்கு வந்து இங்கிலீஸ் சொல்லிக்கொடுத்தார். ஒரே வசனத்தை மூன்று விதமாக மாற்றிச் சொல்ல வேணுமாம். "பிக் அப் த கப். பிக் த கப் அப். பிக் இட் அப்." சாமானின் பேரைக் கடைசியிலும் வைக்கலாம், நடுவிலும் வைக்கலாம், 'இட்' வந்தால் நடுவில் மட்டும்தான் என்பார்.

பேசிப் பழக அவளுக்கு ஆள் ஏது? கந்தையா இங்கிலீஸைக் கேட்டாலே எழுந்து போய்விடுவான். பிள்ளைகளிடம்தான் பழகினாள். செருப்போடு உள்ளே வருகிற பிள்ளைக்கு விரலை நீட்டி, "டேக் ஓஃப் யுவர் ஷூஸ். டேக் யுவர் ஷூஸ் ஓஃப். டேக் தெம் ஓஃப்!" என்பாள். அது கழற்றினதும் மற்றதெல்லாம் கை தட்டும்.

"இப்ப யோசிக்காமலே வாயில வருது பெரியம்மா," என்று என்னிடம் பூரித்துப் போய்ச் சொன்னாள்.

வெள்ளைக்கார அம்மா ஒருத்தியைத் தொரை கூட்டி வந்த அன்று நானும் அங்கே பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளையும் கூட வந்தார். விடியற்காலையே புஷ்பம் தரையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். தொரை சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே கால் வைத்தார்.

அவள் விரல் நீண்டுவிட்டது. "டேக் யுவர் ஷூஸ் ஓஃப்!" தொரை விழித்தார். "டேக் தெம் ஓஃப்!"

வசனத்தில் ஒரு பிழையும் இல்லை என்று றிஸ்மி சேர் பிறகு சொன்னார். இருந்து என்ன? தொரை வருகிற பாதையில் நாங்க இன்னும் ஒதுங்கித்தான் நிற்கிறோம். அவரிடம் விரல் நீட்டினவர் எங்க தோட்டத்தில் யாருமில்லை. தமிழில் பேசியிருந்தால் "கழட்டிருங்கய்யா" என்று தானாக வந்திருக்கும். பிள்ளைகளோடு பழகிய இங்கிலீஸில் அவளுக்கு அதட்டத்தான் தெரிந்திருந்தது.

தொரை குனிந்து கழற்றினார். சப்பாத்துக்குள் போட்டிருந்த மேஸ் கிழிந்து கால் பெருவிரல் வெளியே நின்றது. பிள்ளைகள் எல்லாம் கை தட்டின. வெள்ளைக்கார அம்மா சிரித்துக்கொண்டே தன்னுடையதையும் கழற்றினாள். கணக்கப்பிள்ளை சுவரைப் பார்த்தார். "கமக் நே, கமக் நே," என்று தொரை சிங்களத்தில் பரவாயில்லை சொன்னார், ஆனால் காது சிவந்திருந்தது. அதற்குப் பிறகு வெள்ளைக்கார அம்மா என்ன கேட்டும் புஷ்பம் வாய் திறக்கவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை.

மறுநாள் பீலிக்கரையில் தண்ணி பிடிக்கும்போது ஒருத்தி, "ஏன்டி புஷ்பம், குடத்தைத் தூக்கவா, வைக்கவா? இங்கிலீஸ்ல சொல்லுடி," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். புஷ்பம் பாதிக் குடத்தோடு லயத்து வீட்டுக்குத் திரும்பினாள்.

இடம் அவளுக்குத்தான், வரச்சொல்லு என்று தொரை கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். அவள் அதற்குப் பிறகு பிள்ளைக்காம்பராப் பக்கமே போகவில்லை. நானும் போய்ச் சொல்லிப் பார்த்தேன்.

"அவரு முகத்தை எப்படிப் பெரியம்மா பார்ப்பேன்? அந்தக் கால் விரலே கண்ணுக்குள்ள நிக்குது," என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிள்ளைக்காம்பராவுக்கு எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஒரு பொண்ணு வந்திருக்கிறாள். புஷ்பம் இப்போது மூணாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிறாள்.