பன்னிரண்டு மணி வேட்டு

எண்ணெய் தடவிப் பின்னிய தலையில் சுண்ணாம்புக்கல் தூசி படிந்தால் விரலில் மாவுபோலப் பிசுபிசுக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருத்தி தலையை இன்னொருத்தி தட்டிவிடுவது எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் வழக்கம். அரியலூரிலிருந்து செந்துறை போகும் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே நடக்கவேண்டிய ஊர் எங்களுடையது. பள்ளிக்குப் பின்னால் சிமெண்டுக்குக் கல் எடுக்கும் சுரங்கம் இருந்தது. எங்கள் வாயில் அது 'மைன்ஸ்'. தினமும் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதி, பாறையைப் பிளக்க 'வேட்டு' வைப்பார்கள். தரை ஒரு குலுக்குக் குலுங்கி, ஓட்டிலிருந்து தூசி கொட்டும். எங்களுக்குப் பழகிவிட்டது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளோ சங்குச் சத்தத்துக்கே அழுவார்கள். மாரிமுத்து என்ற பையன் அநேகமாகத் தினமும் கால்சட்டையை நனைத்துவிடுவான்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, செப்டம்பர் இருபத்தொன்று உலக அமைதி நாள் என்றும், அன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கவேண்டும் என்றும் தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் அறிவித்தார். என் வகுப்பு அமுதா கையைத் தூக்கி, அந்த நேரத்தில்தானே வேட்டு வைப்பார்கள் என்று கேட்டாள். நாம் பதினொரு மணிக்கே நின்றுவிடலாம் என்றார் அவர்.

"ஒலகமே பன்னண்டு மணிக்கு நிக்கும்போது நாம மட்டும் ஏன் சார் பதினோரு மணிக்கு நிக்கணும்? அவங்க கொஞ்சம் தள்ளி வைக்கட்டுமே."

அவர் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். பள்ளியின் பெஞ்சுகளும் தண்ணீர்த் தொட்டியும் மைன்ஸ் கம்பெனி கொடுத்தவை. கம்பெனியில் போய்க் கேளுங்கள் என்று அவர் சொல்லவும் இல்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அமுதாவும் நானும் இன்னும் இரண்டு பெண்களும் மைன்ஸ் கேட்டுக்குப் போனோம். வாட்ச்மேன் விரட்டிவிட்டார். மறுநாளும் அதேதான். அதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. என் அப்பா மைன்ஸில் ஒப்பந்தக் கூலி. வேண்டாம் என்றால் மறுநாளே நிறுத்திவிடக்கூடிய வேலை.

"நீ அமைதி நாளு கொண்டாடுறேன்னு ஒங்கப்பன் பொழப்புக்கு வேட்டு வச்சிராத" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் மைன்ஸ் அதிகாரியின் ஜீப் வெளியே வந்தபோது அமுதா பாதையை விட்டு நகரவில்லை. அவர் இறங்கி வந்து என்னவென்று கேட்டார். அமைதி நாளைப் பற்றித் தொடங்கியவள், அவர் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, மாரிமுத்துவின் கால்சட்டையைப் பற்றிச் சொல்லி முடித்தாள். பார்க்கலாம், வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார்.

அமைதி நாளன்று பள்ளி முழுவதும் மைதானத்தில் வெயிலில் நின்றது. பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது; சங்கு ஊதவில்லை. சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். சோளக்காட்டில் யாரோ ஆட்டை அதட்டுவது கேட்டது. எங்கள் ஊர் நடுப்பகலில் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நிமிடம் கடந்தும் தலைமையாசிரியர் மணி அடிக்கச் சொல்லவில்லை. பள்ளி விட்டு எல்லோரும் வீடு சேர்ந்த பிறகுதான் வேட்டுச் சத்தம் கேட்டது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பழையபடி தரை குலுங்கியது.

சாயங்காலம் மறுபடி கேட்டுக்குப் போனோம். நேற்று முடிந்தது இன்றைக்கு ஏன் முடியவில்லை என்று அமுதா கேட்டதற்கு வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தினார். அதற்குள் அப்பாவை வேலைக்கு வைத்திருந்த கான்டிராக்டர் அவரைக் கூப்பிட்டு, பிள்ளையைக் கண்டித்து வைக்கும்படி எச்சரித்து அனுப்பியிருந்தார். அப்பா வீட்டுக்கு வந்து கைகால் கழுவினார். உட்கார்ந்தார்.

"நாளைக்கும் போவியா?" என்றார்.

போவேன் என்றேன்.

"போ. நாலு புள்ளைவளா மட்டும் போவாதீங்க."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாரிமுத்துவின் அம்மாவைப் பார்க்கப் போனாள். அடுத்த நாள் கேட்டுக்கு முன்னால் தெருப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. அப்பாவை ஒரு வாரம் வேலைக்குக் கூப்பிடவில்லை. அம்மா வெங்காயக் காட்டுக் கூலிக்குப் போய்விட்டு, சாயங்காலமானால் கேட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே வேட்டு பள்ளி விட்ட பிறகு என்று மாறியது. அப்பாவை அதற்கு வெகுமுன்பே திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள்.

இப்போது நான் பெரம்பலூரில் இருக்கிறேன். என் மகள் பள்ளியில் அமைதி நாளுக்குப் புறா வரைந்து ஒட்டுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர் மைன்ஸில் கல் தீர்ந்துவிட்டது. பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. சங்கும் இல்லை, லாரியும் இல்லை, வேலை தேடி ஊரில் பாதிப்பேர் வெளியே போய்விட்டார்கள். நடுப்பகலில் ஊர் அத்தனை அமைதியாக இருக்கிறது. அது கல் தீர்ந்ததால் வந்த அமைதி. நாங்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்து கேட்டு வாங்கியது வேறு.