சிவப்புப் புள்ளி இல்லாத வில்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. யாராவது பேய் என்று ஆரம்பித்தாலே "போய் வேலையப் பாருங்க" என்று விரட்டுகிற ஆள் நான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் 3.40 மணிக்கு நடந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இருட்டுகூட இல்லை. ஜன்னலில் நல்ல வெயில்.

நானும் என் கணவரும் பீங்கான் வில்லை செய்யும் ஒரே பட்டறையில் வேலை பார்க்கிறோம். சட்டைப் பொத்தான் அளவு வில்லை. தட்டினால் அதில் மின்சாரம் பிறக்கும். முன்பு அதில் ஈயம் கலப்போம். கழித்துப்போட்ட வில்லைகளில் சின்ன விளக்கைப் பொருத்தி எங்கள் மகளுக்கு விளையாடக் கொண்டுபோவார் இவர். அவள் தட்டுவாள், விளக்கு மினுங்கும். டக் டக்... கொஞ்சம் நிறுத்துவாள்... டக். பிறகு வாயில் வைத்துக்கொள்வாள். நானும் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. நாலு வயதிலேயே போய்விட்டாள். பெற்றவர்களே கையில் கொடுத்த விஷம்.

அதன்பின் இவர் ஈயத்தைத் தொடவில்லை. ஈயமில்லாத கலவைக்காக இரண்டு வருடம் போராடினார். ஈயம் இல்லாவிட்டால் வில்லை மந்தம். மாங்கனீசு ஆக்சைடு ஒரு சிட்டிகை சேர்த்தால் தேறும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள் அல்லவா, அந்தக் கதைதான். சிட்டிகை கொஞ்சம் கூடினாலோ மின்சாரம் உள்ளேயே கசிந்துபோகும். சரியான அளவு மட்டும் பிடிபடவே இல்லை. முதலாளி கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் தேறாவிட்டால் பழையபடி ஈயம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சூளையிலிருந்து வந்த வில்லை வெறும் ஓடு. எத்தனை தட்டினாலும் மின்சாரம் வராது. சூடான எண்ணெயில் மூழ்கவைத்து உயர் மின்னழுத்தம் ஏற்றிய பிறகுதான் வேலை செய்யும். அதை நாங்கள் "உயிர் கொடுப்பது" என்போம். உயிர் கொடுத்த வில்லையில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்போம்.

3.40. பட்டறையில் அன்று நாங்கள் இருவர்தான். இவர் டீ வாங்கப் போயிருந்தார். அரை சதவீதம் மாங்கனீசு சேர்த்த தட்டிலிருந்து ஒரு வில்லையை எடுத்துக் கவ்வியில் மாட்டினேன். அவசரம், திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பைப் போட்டேன். திரையில் நேர்கோடு. நோட்டை எடுக்கத் திரும்பினேன்.

டக் டக்... டக்.

திரையில் கோடு முள்போல் இரண்டு முறை எழும்பியது. இடைவெளி. ஒரு முள்.

மின்விசிறி ஓடவில்லை. கதவு சாத்தியிருந்தது. என் கை இரண்டும் மடியில்.

3.42. மறுபடியும்...

டக் டக்... டக்.

அந்த நிறுத்தம். எனக்குத் தெரிந்த நிறுத்தம்.

"குட்டி?"

டக்.

கவ்வி லேசாக ஆடியது. யாரோ வில்லையை உருவப் பார்ப்பதுபோல.

"வாயில வைக்காதடா கண்ணு!"

அவள் இருந்தவரை ஒருநாளும் நான் சொல்லாத வார்த்தை.

எல்லாம் நின்றது. நேர்கோடு.

பயம் போய் அழுகை வந்தது. போய்விட்டாளே... மறுபடியும் போய்விட்டாளே.

"இல்லடா... இதுல ஈயம் இல்ல. நீயே வெச்சுக்கோ."

3.46.

டக் டக்... டக்.

அவ்வளவுதான்.

இவர் வந்தார். சொன்னேன். வில்லையைக் கழற்றினார். ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"புள்ளி எங்க?"

"என்னங்க?"

"இந்தத் தட்டுக்கு இன்னும் உயிரே குடுக்கலயே."

மறுபடி மாட்டித் தட்டினோம். விரலால், பென்சிலால், பத்து முறை. நேர்கோடு... நேர்கோடு...

மீதி வில்லைகளுக்கு அன்று சாயங்காலமே உயிர் கொடுத்தோம். திங்கட்கிழமை அளந்தபோது அந்த அரை சதவீதத் தட்டுதான் தேறியது. ஈயம் பட்டறைக்குத் திரும்பி வரவில்லை.

அந்த ஒரு வில்லையை மட்டும் எண்ணெயில் போடவிடாமல் நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை. பத்தாவது முறை தட்டிவிட்டு அதை என் உள்ளங்கையில் வைத்தாரே, அப்போது நான் கண்டதை இவரிடம்கூடச் சொன்னதில்லை.

எண்ணெயோ தண்ணீரோ படாத அந்த வில்லையின் விளிம்பு ஈரமாக இருந்தது.